பின் சீட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்

முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஓடி முடியும்வரை மோட்டார் சைக்கிளின் பின் சீட்டில் யாரையும் ஏற்றக் கூடாது என்று மெக்கானிக் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏற்றிக்கொள்ள யார் இருக்கிறார்கள்? பம்பாய் செம்பூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் நான் ஒருத்தன். மகள் டொரோண்டோவில். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு ஆறு மாதம் என்று சொல்லிப் போன என் மனைவி நான்கு வருஷமாக அங்கேதான் இருந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை பத்து நாள் வந்தாள், அதுவும் அவள் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு.

"ஏறிக்க யார் இருக்கா? நீங்க கவலைப்படாதீங்கோ" என்றேன்.

"அப்பிடிச் சொல்லாதீங்க சார். வண்டி ரெடியாச்சின்னா ஆளு தன்னால வரும். அப்போ ஆசைப்பட்டு ஏத்திரக் கூடாதுன்னுதான் இப்பவே சொல்லுதேன்" என்றார் அவர்.

தாராவி தொண்ணூறடி ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அவருக்குக் கடை. என்னைவிட இருபது வயது சின்னவர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தச் சந்தில்தான். மூன்று வார்த்தை தமிழ் பேசினால் நாலாவது ஹிந்தி வார்த்தையாக இருக்கும். அவர் ஒரு விஷயத்தைச் சொன்னால் நான் சட்டம் என்று எடுத்துக்கொள்வேன். என் சுபாவம் அப்படி. கப்பல் சரக்குக் காகிதங்களைச் சரிபார்க்கும் ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான். ஒரு பெட்டியின் எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் காகிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன். சரக்கு துறைமுகத்தில் வெயிலில் கிடக்கும், ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள், நான் அசைய மாட்டேன். அதற்காக ஆபீஸில் எனக்கு நல்ல பெயர் இருந்தது.

வண்டி எங்களுக்குக் கல்யாணமான வருஷம் வாங்கியது. இரட்டை சைலன்ஸர், உருண்டை டேங்க், கிக் அடிப்பதற்கும் கியர் போடுவதற்கும் ஒரே லீவர். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக். அந்த நாளில் அவள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, வலது கையை என் தோளில் வைத்துக்கொள்வாள். பிரேக் பிடித்தால் அந்தக் கை இறுகும், விட்டால் தளரும். மகள் பிறந்ததும் ஸ்கூட்டர் வந்தது. அப்புறம் கார் வந்தது, காரும் போனது. இது மட்டும் பில்டிங் காம்பவுண்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்பாய் போர்த்தியபடி இருபது வருஷத்துக்கு மேல் நின்றது. தார்பாய்க்கு அடியில் தலைமுறை தலைமுறையாகப் பூனைகள் குட்டி போட்டுக்கொண்டிருந்தன.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் சொசைட்டியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஓடாத வண்டிகளை ஒரு மாதத்துக்குள் அப்புறப்படுத்த வேண்டும். லிஃப்டில் செக்ரட்டரி என்னைப் பிடித்துக்கொண்டார். "அங்கிள், வோ பங்கார் மே தே தோ" என்றார். பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்கிறார். எனக்கு என்ன தோன்றியதோ, "க்யூன்? சல்தி ஹை" என்றேன். ஓடுகிற வண்டி என்று. வாழ்நாள் முழுக்கப் பொய்க் காகிதத்தைக் கண்டுபிடித்த வாய், லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வருவதற்குள் அப்படி ஒரு பொய்யைச் சொல்லிவிட்டது. அதை உண்மையாக்குவதற்காகத்தான் வண்டியில் கை வைத்தேன். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது.

உயிர் கொடுத்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். நட்டு கழற்றினேன், டீசலில் ஊற வைத்தேன், பழைய பனியனால் துடைத்தேன். ஹால் முழுக்கச் செய்தித்தாள் விரித்திருந்தது. எந்த நட்டு எந்த இடத்தது என்று குழம்பிப்போகாமல் இருக்க, சமையலறையிலிருந்து இட்லித் தட்டுகளை எடுத்துவந்தேன். ஒரு குழியில் கார்புரேட்டர் திருகுகள், ஒரு குழியில் மட்கார்ட் நட்டுகள், ஒன்றில் வாஷர்கள். இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இருக்க முடியாது. சேஸியும் டேங்கும் தாராவியில் பெயிண்ட் அடிக்கப் போயின. அதே பழைய மெரூன் நிறம் வேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். டேங்குக்குள் துரு போக, ஒரு பிடி சின்ன போல்ட்டுகளைப் போட்டு டீசல் ஊற்றி, மடியில் வைத்துக் குலுக்கிக்கொண்டே டிவி செய்தி பார்த்தேன். ஆர்.டி.ஓ.வில் மறுபதிவுக்கு அலைந்ததைச் சொன்னால் அது தனிப் புராணம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வண்டிமேல் அப்படி ஒன்றும் மோகம் கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்த வீட்டில் சும்மா இருக்கத்தான் முடியவில்லை. பக்கத்து வீடுகளில் குக்கர் விசில் கேட்கும், குழந்தைகள் டியூஷனிலிருந்து திரும்பும், யாராவது யாரையாவது திட்டுவார்கள். நான் திட்டுவதற்கும் ஆள் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். கையில் ஒரு ஸ்பேனர் இருந்தால் அந்த மூன்று மணி நேரம் எப்படியோ ஓடிவிடும். அவ்வளவுதான்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவள் போன் வரும். அங்கே அப்போது ராத்திரி. "என்ன சமைச்சேள்?" "ரசம்." "மாத்திரை?" "சாப்பிட்டாச்சு." "வேற?" "வேற ஒண்ணுமில்லை." நான்கு நிமிஷம் தாண்டாது. வண்டியைப் பற்றி அவளிடம் சொல்லவே இல்லை. சொன்னால் எதற்கு என்று கேட்பாள். லிஃப்டில் பொய் சொன்னேன் என்றால் நம்ப மாட்டாள். சாயங்காலம் பொழுது போகவில்லை என்று சொல்லியிருக்கலாம்தான். அது வாயில் வரவில்லை.

அக்டோபரில் என்ஜின் முடிந்தது. சிலிண்டரை போர் பண்ணி, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலமாக்கி, புது பிஸ்டன் போட்டிருந்தது. புது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுக்கமாக இருக்கும், மெதுவாக ஓட்டி ஓட்டித்தான் அது இடம் பிடிக்க வேண்டும். அதுவரை அதிகச் சூடும் கூடாது, அதிகச் சுமையும் கூடாது. அப்போதுதான் அந்த ஆயிரம் கிலோமீட்டர் பேச்சு வந்தது. நான் சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் பொறுமையாக ஓட்டினேன். ஒரு நாள் வாஷி பாலத்தில் கடல் காற்று முகத்தில் அடித்தது, ரோடு காலியாக இருந்தது, கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டது. பாலத்தின் நடுவில் சத்தம் ஒரு மாதிரி கம்மிப்போனது. அடுத்த நொடி பின் சக்கரம் கட்டிப்போட்டது போல நின்று இழுத்தது. கிளட்ச்சைப் பிடித்ததால் பிழைத்தேன். பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டுவிட்டது. மான்கூர்டு வரை தள்ளிக்கொண்டு வந்து, அங்கே ஒரு டெம்போ பிடித்தேன். வழியில் யாருக்காவது போன் பண்ணலாம் என்று எடுத்துப் பார்த்தேன். யாருக்குப் பண்ணுவது என்று தெரியாமல் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

அதே வாரத்தில் மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, பேப்பர்ஸ் எல்லாம் ரெடி. அம்மா இங்கேயே பெர்மனெண்ட்டா இருக்கறதுக்கு. நீதான் வரமாட்டேன்னுட்டே" என்றாள். அது உண்மை. ஒரு குளிர்காலம் போய் இருந்துவிட்டு, முழங்கால் வலி என்று ஐம்பதாவது நாளே ஓடிவந்தவன் நான். "அம்மா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை அங்க வந்துட்டு முடிவு சொல்றேங்கறா. ஜனவரில வரா. இருபத்திநாலு நாள்."

"அப்படியா, சரி" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு மனுஷன் சொல்ல வேண்டியது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவளிடம் போனைக் கொடு என்று சொல்லி, "நீ இங்கேயே வந்து இரு, எனக்கு ஒத்தையா இருக்க முடியலை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மண்டைக்குள் ஒரு திட்டம் போட்டேன். அவள் வருவதற்குள் வண்டியைத் தயார் பண்ணிவிடுவது. அவளைப் பின்னால் உட்கார வைத்து மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போவது. ஸ்டேஷனுக்கு வெளியே பூக்கடை வரிசை, கோயில், அப்புறம் ஒரு காபி. கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போன அதே வழி. அவள் கை என் தோளில் வந்து உட்கார்ந்துவிட்டால் அதே கையால் கையெழுத்துப் போட மாட்டாள் என்று ஒரு நினைப்பு. நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்த மூன்று மாதமும் நான் வேறு எதையும் நம்பவில்லை.

மெக்கானிக் சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நகத்தால் கீறியது போல நெடுகக் கோடுகள்.

"சார், என்ன வேல பண்ணி வச்சிருக்கீங்க? இன்னும் ஒரே ஒரு சைஸ்தான் போர் பண்ணலாம். அதுக்கு மேல இதுல சதை கெடையாது. இன்னொரு தடவ பிடிச்சிச்சின்னா கதம். சிலிண்டருக்கு நான் எங்க போயித் தேடுவேன்?"

"இனிமே நாப்பதைத் தாண்ட மாட்டேன்."

"நாப்பது ஸ்பீடு. பதினஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்க நிப்பாட்டி ஆற வைக்கணும். லிட்டருக்கு அம்பது மில்லி ஆயிலு. டபுள்ஸ் ஏக்தம் கூடாது, ஆயிரம் முடியுத வரைக்கும்."

"தொள்ளாயிரத்துல ஏத்தினா?"

"ஆயிரம்னா ஆயிரந்தான் சார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

கடைசி சைஸ் பிஸ்டன் பம்பாயில் எங்கும் கிடைக்கவில்லை. புனாவிலிருந்து வர ஒரு மாதம் ஆனது. அதற்குள் மெக்கானிக் தங்கை வீட்டு விசேஷத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். வண்டி கைக்கு வந்தது டிசம்பர் கடைசியில். மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்துக் கொடுத்திருந்தார்.

விடிவதற்கு முன் கிளம்பிவிடுவேன். மான்கூர்டு, வாஷி பாலம், அங்கிருந்து பாம் பீச் ரோடு. திரும்பி அதே வழி. அந்த அகலமான ரோட்டில் நாற்பதில் போவது எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும். லாரி தாண்டும், பால் டெம்போ தாண்டும், இறுக்கமான கால்சட்டையும் ஹெல்மெட்டும் போட்ட சைக்கிள்காரர்கள் கூட்டமாக வந்து தாண்டிப்போகும்போது ஒருவர் என்னைப் பார்த்துக் கையாட்டுவார். நேருலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வண்டியை ஆற வைப்பேன். தூரத்தில் சேற்றுத் தண்ணீரில் பிளமிங்கோக்கள் கும்பலாக நிற்கும். சைக்கிளில் டீ விற்கும் ஒருவர் முதல் நாள் வந்து, "அங்கிள், ப்ராப்ளம் ஹை க்யா?" என்று கேட்டார். "நஹீ, டண்டா கர் ரஹா ஹூன்" என்றேன், வண்டியை ஆற வைக்கிறேன் என்று. மறுநாளும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. சில நாட்களில் அன்று முழுக்க நான் ஒரு மனிதரோடு நேரில் பேசியது அந்த ஒரு வரிதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நாளுக்கு அடுத்து வரும் நாள் எதற்காகவோ வந்தது. திரும்பி வரும்போது பின் சீட்டில் அவள் இருப்பதாக வைத்துக்கொண்டு பேசுவேன். வாஷியில் புதுக் கட்டடம் வந்திருக்கு பார், டோல் நாக்காவில் கூட்டம் பார் என்று ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொண்டே வருவேன். போனில் நான்கு நிமிஷத்துக்கு மேல் பேச முடியாத எனக்கு அப்போது பேச்சு கொட்டியது.

அவள் வந்து இறங்கிய அன்று மீட்டரில் அறுநூற்றுப் பத்து.

ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் வந்து காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் வண்டியைப் பார்த்துவிட்டாள். பெட்டியைக் கீழே வைத்தாள். கிட்டப் போய் டேங்கைத் தொட்டாள்.

"நம்ம வண்டியா? அதே கலர்! ஏன் எங்கிட்ட சொல்லவே இல்லை?"

"சும்மாத்தான்."

"ஓடறதா?"

"பேஷா ஓடறது."

"அப்போ ஒரு ரவுண்டு போலாமே. குளிச்சுட்டு வந்துடறேன்." இருபது மணி நேரம் பறந்து வந்தவள், அறுபதை நெருங்குகிறவள், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. அவள் முகத்தில் அப்படி ஓர் ஆசை.

"இப்போ இல்லை. இன்னும் முந்நூத்தித் தொண்ணூறு பாக்கி இருக்கு" என்று விளக்கம் சொன்னேன். பிஸ்டன், சிலிண்டர், கடைசி சைஸ் எல்லாம் சொன்னேன். காதில் போட்டுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை. "சரி, முடியட்டும்" என்று சிரித்தாள்.

பால்கனியில் இட்லித் தட்டுகளைக் கண்டுபிடித்தது அன்று மத்தியானம். குழிக்குழியாக மிச்ச நட்டுகள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. பிறகு புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "நாலு வருஷமா ஆத்துல இட்லியே பண்ணலையா?" என்று கேட்டாள். ஒருத்தனுக்கு எதற்கு இட்லி என்றேன். அவள் தட்டுகளை எடுத்துப்போய்ப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கிளம்பினேன். நேரம் மாறிய குழப்பத்தில் அவள் மூன்று மணிக்கே விழித்து, காபி டிகாக்ஷன் இறக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். "எங்கே?" என்றாள். "நீ ஏறணுமே, அதுக்குத்தான்" என்றேன். அவளுக்காகப் போகிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனால் குற்ற உணர்ச்சியும் இல்லை. திரும்பி வரும்போது எட்டரை ஆகிவிடும். அவள் குளித்து, பூஜை முடித்து, மகளோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். நான் குளித்துவிட்டு வந்து ஆறிய காபியைச் சுட வைத்துக் குடிப்பேன்.

ஒரு வாரம் போனதும் ஒரு நாள் சொன்னாள். "அங்கே அவா ரெண்டு பேரும் ஏழு மணிக்கு ஆபீஸ் போயிடுவா. நான் தனியாத்தான் காபி குடிப்பேன். இங்கே வந்தும் தனியாத்தான் குடிக்கறேன்."

"இன்னும் பத்து நாள்தான்" என்றேன்.

பத்து நாளில் முடியவில்லை. கிளட்ச் கேபிள் அறுந்து நான்கு நாள் போனது. விக்ரோலியில் அவள் சித்தி வீட்டுக்கு ஒரு நாள், வாஷியில் ஒரு கிரகப்பிரவேசம் ஒரு நாள். கிரகப்பிரவேசத்துக்குப் போன அன்று ஹார்பர் லைன் ரயிலில் பாலத்தைத் தாண்டும்போது, "பாரு, இந்தப் பக்கத்துப் பாலத்துலதான் தினம் நான் போறது" என்று காட்டினேன். அவள் ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்கள் வீணாகின்றனவே என்று எனக்கு உள்ளூரப் பதற்றம். அவளோடு ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து போன நாளை வீண் என்று நினைத்தவன் நான். இப்போது எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

இருபதாவது நாள். அன்று ராத்திரி மகளுக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். அதை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு பேருக்கும் தெரியும். நான் காம்பவுண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் பச்சை மைசூர் சில்க்கில் கைப்பையோடு கீழே வந்தாள். மாட்டுங்காவில் கோயிலுக்குப் போய்விட்டு, பழைய சிநேகிதியைப் பார்த்துவிட்டு வருவதாகத் திட்டம்.

"என்னை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விடறேளா?"

"இன்னும் முப்பத்தெட்டு இருக்கு."

"என்ன முப்பத்தெட்டு?"

"கிலோமீட்டர்."

"ஸ்டேஷன் ஒண்ணரை கிலோமீட்டர்தானே?"

"அதுக்கில்லை. நாளைக்குக் காலம்பற வழக்கத்தைவிடக் கூட ஓட்டி முடிச்சுடுவேன். நாளைக்கு மாட்டுங்காவுக்கே கூட்டிண்டு போறேன். இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ."

அவள் பின் சீட்டின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். துடைத்துப் பளபளவென்று இருந்தது. வெயில் அதற்குள் ஏறியிருந்ததால் சூடாகவும் இருந்திருக்கும். கையை எடுத்துக்கொண்டாள். "சரி" என்றாள். நான்தான் கேட் வரைக்கும் ஓடிப்போய் ரிக்‌ஷாவைக் கைதட்டி நிறுத்தினேன். மீட்டர் போடச் சொல்லி ரிக்‌ஷாக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி எனக்கு.

ஆனால் மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. மெக்கானிக்குக்குப் போன் பண்ணினேன். தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ஓடியிருக்கிறது, ஐம்பது கிலோ இருப்பாள், ஸ்டேஷன் வரைக்கும்தான், ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். "அட, ஸ்டேஷன் வரைக்குந்தானா? மெதுவாப் போயிட்டு வந்திருக்கலாம்லா சார். ஐநூறு தாண்டினாலே பயமில்ல. ஆயிரம்னு ஒரு பேச்சுக்குச் சொல்லுறதுதான். ஐநூறுன்னு சொன்னா நீங்க எல்லாம் நூறுலயே முறுக்கிருவீங்கள்லா?"

அவள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலம் அவள் கையில் மல்லிகைப் பொட்டலத்தோடு வந்தாள். சிநேகிதியின் மூட்டு வலி, கோயிலில் கூட்டம் என்று இரண்டு வார்த்தை பேசினாள். நான் சொல்லவில்லை. நாளைக் காலை முடித்துவிட்டு நேராகக் கூட்டிப்போனால் போதும், எதற்கு இப்போது அசடு வழிய வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை, பாம் பீச் ரோட்டிலிருந்து திரும்பி வாஷி பாலம் இறங்கும் இடத்தில் மீட்டர் ஆயிரத்தைத் தொட்டது. ஓரமாக நிறுத்தினேன். போனை எடுத்து மீட்டரைப் படம் பிடித்தேன். அதை அவளுக்கு அனுப்ப வாட்ஸப்பைத் திறந்தேன். அவள் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் அவள் வீட்டில் இருக்கிறாள் என்பது நினைவுக்கு வந்தது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனேன். அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் இரண்டு டம்ளர் காபி, இரண்டும் மூடியிருந்தன.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆயிரம். வா, கிளம்பு, மாட்டுங்கா போலாம்."

"உக்காருங்கோ. காபி ஆறிடும்."

உட்கார்ந்தேன்.

"ராத்திரி அவளுக்குச் சரின்னு சொல்லிட்டேன்" என்றாள். "கையெழுத்தும் போட்டு அனுப்பியாச்சு. இப்பல்லாம் போன்லயே போட்டுடலாமாமே."

"உனக்காகத்தான் இத்தனையும் பண்ணினேன்" என்றேன்.

"தெரியும்." அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "நான் வரப்போறேங்கறது உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துது. வந்தது அவ்வளவாப் பிடிக்கலை போலிருக்கு. இருபது நாள் பார்த்தேன். நேத்திக்கு அந்த ஸ்டேஷனுக்காவது கூட்டிண்டு போவேள்னு நினைச்சேன்."

"போகாதே" என்றேன். முப்பத்தாறு வருஷக் கல்யாணத்தில் நான் அவளிடம் அப்படி ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. குரல் எனக்கே பழக்கமில்லாத மாதிரி இருந்தது.

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள். "இதை ஏர்போர்ட்லயே சொல்லியிருக்கலாமே. இதுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வரணுமா?"

மிச்சமிருந்த நான்கு நாளும் நான் வண்டியைத் தொடவில்லை. காலையில் அவளோடு உட்கார்ந்து காபி குடித்தேன். செய்தித்தாளை இரண்டாகப் பிரித்துப் படித்தோம். வண்டியில் போகலாமா என்று நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவள் இட்லி பண்ணினாள். மத்தியானங்களில் அலமாரியிலிருந்து எதையாவது எடுத்துவந்து, இது வேண்டுமா, தூக்கிப் போடலாமா என்று கேட்பாள். நான் எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்பேன். "நான் எங்கே வச்சுக்கறது?" என்பாள்.

ஏர்போர்ட்டுக்கு டாக்ஸியில் போனோம். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அதற்கு மேல் டிக்கெட் இல்லாதவர்களை விட மாட்டார்கள். அவள் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மழைக்கு முன்னாடி நீங்க அங்கே வந்துடுங்கோ. முழங்காலுக்கு அங்கேயும் டாக்டர் இருக்கா."

"வரேன்."

"எப்போ வரேள்?"

நாளைக்கே என்று சொல்லியிருக்கலாம். ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒரு மாதம், விசாவுக்கு இரண்டு மாதம், மார்ச்சில் வீட்டு வரி, வண்டியைத் தார்பாய் போட்டு மூடிவிட்டால் மழையில் டேங்க் தாங்குமா என்று நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன். பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள். எண்ணி முடித்து, ஜூன் முதல் வாரம் என்று சொல்ல நிமிர்ந்தபோது அவள் தள்ளுவண்டியோடு கண்ணாடிக் கதவைத் தாண்டிப் போயிருந்தாள். போகும்போது அவள் ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.